நிரம்பிய குழியும் ஆறிய எலும்பும்

மாட்டெலும்பிலிருந்து செய்த ஒட்டுப்பொருள் பல் மருத்துவத்தில் கொடிகட்டிப் பறக்கிறது. எலும்பியல் அறுவை மருத்துவரோ அதைப் பெரும்பாலும் சீந்துவதில்லை. ஒரே பொருளுக்கு இரு துறைகளில் இப்படி இரு தீர்ப்பு ஏன்?

1950களில் ஜெர்மனியின் கீல் நகரில் மாட்ஸும் பவர்மைஸ்டரும் கன்றின் எலும்பிலிருந்து கொழுப்பையும் புரதத்தில் ஒரு பகுதியையும் நீக்கி ‘கீல் எலும்பு’ என்ற ஒட்டுப்பொருளை உருவாக்கினர். சில காலம் பரவலாகப் பயன்பட்ட அது பின்னர் வழக்கொழிந்தது. எஞ்சிய புரதம் தூண்டிய நோயெதிர்ப்பு வினைதான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. நோயாளியின் சொந்த மஜ்ஜையைச் சேர்த்து வைத்தபோது அதே கீல் எலும்பில் புது எலும்பு வளர்ந்ததை சலாமா 1970களில் காட்டினார். புரதம் மிஞ்சியதைவிடச் செல்கள் இல்லாததே பெரிய குறை என்று கொள்ள இது இடம் தருகிறது.

இன்றைய மாட்டெலும்புத் துகள்களில், வெப்பத்தாலும் காரத்தாலும் புரதம் நீக்கப்பட்டு, நுண்துளைகள் கொண்ட அபடைட் கனிமமே எஞ்சுகிறது. சிறு துகள்களின் அளவு கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. நோயாளியின் இரத்தத்தில் நனைத்தால் ஈரமணல்போல் திரண்டு கரண்டியில் நிற்கும். யூரிஸ்ட் 1965இல் கனிமம் நீக்கிய எலும்பில் கண்ட எலும்பாக்கத் தூண்டல் இதில் இல்லை. செல்கள் படர்ந்து ஏறச் சாரம் மட்டுமே உண்டு. ஏறிவரும் செல்களை அக்கம்பக்கத்து எலும்புதான் தரவேண்டும். மேல்தாடை சைனஸின் அடித்தளத்தை உயர்த்தும்போது எலும்புச் சுவர்கள் சூழ்ந்திருக்கின்றன. பல மாதங்களுக்குப் பளு இல்லை. இரத்த ஓட்டம் குன்றி, அசைவும் நிற்காத கணைக்கால் எலும்பின் பெரிய இடைவெளியில் இவை எதுவும் கிடைக்காது. தாடையில் கண்ட வெற்றியில் பெரும்பங்கு இடத்துக்கே உரியது.

குழி நிரம்பியதற்கும் எலும்பு ஆறியதற்கும் உள்ள வேறுபாட்டை அளவிடும் முறையும் மறைத்துவிடுகிறது. துகள்கள் வைத்த அன்றே எக்ஸ்-ரேயில் வெண்மையாகத் தெரியும். அதை எலும்பின் உயரம் என்று எழுதிவிடுகிறோம். சைனஸில் வைத்து 11 ஆண்டுகள் கழித்து எடுத்த திசுத்துண்டுகளில் துகள்கள் கரையாமல் இருந்ததை மோர்டென்ஃபெல்ட் குழுவினர் 2010இல் வெளியிட்டனர். காற்றழுத்தத்தில் சுருங்கக்கூடிய சைனஸ் ஒட்டின் கன அளவைக் காக்க இந்தக் கரையாமை உதவும். பளு சுமக்கும் எலும்பு தன் நுண்விரிசல்களைத் தின்று தின்று புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. அங்கே கரையாமையே இடையூறு. உயர்வெப்பத்தில் சுட்ட வகைகள் இன்னும் மெதுவாகவே கரைகின்றன.

ஒட்டுப்பொருள் எந்த விலங்கிலிருந்து வந்தது, மாடா, பன்றியா என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் இது வெறும் படிவச் சடங்கல்ல. மற்றபடி, சுவர்கள் மிஞ்சிய குழிக்குத் துகள் மட்டும் போதும். ஒரு சுவர் போய்விட்டாலே நோயாளியின் தாடையிலிருந்து சுரண்டிய எலும்பைக் கலப்பது நல்லது. கை கால் எலும்பின் நீண்ட இழப்புக்கு இடுப்பெலும்பு முகட்டிலிருந்து எடுத்த தன்னெலும்பே முதல் தேர்வு. எடுத்த இடத்து வலியை அதன் விலையாக ஏற்கத்தான் வேண்டும்.