ஒழுங்குவிதியும் வறிய மாணவனும்
ஐக்கிய அமெரிக்காவின் மாணவர் நிதியுதவி வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

ஒரு நாட்டின் சட்டசபை சட்டமொன்றை இயற்றும்போது பத்திரிகைகள் எழுதுகின்றன; மேடைகள் முழங்குகின்றன. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கு அரசாங்கத் திணைக்களம் வகுக்கும் ஒழுங்குவிதிகளைப் பற்றியோ பேசுவார் இல்லை. வர்த்தமானியிலே நெருக்கமான எழுத்தில் அவை அச்சாகின்றன. வழக்கறிஞரும் கணக்காளரும் மாத்திரம் அவற்றைப் படிக்கின்றனர். ஆனால் வறிய வீட்டுப் பிள்ளையொன்று உயர்கல்வி பெற்றுத் தலைநிமிருமா, அன்றிக் கடனாளியாய் வீடு திரும்புமா என்பதைப் பல வேளைகளிலே தீர்மானிப்பது அந்த ஒழுங்குவிதியே. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி அரசாங்கம் மாணவர்க்கு வழங்கிவந்த நிதியுதவியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். விதிகளை வகுக்குமுன்னும் மீளாய்வு செய்யுமுன்னும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்னும் நடைமுறையும் அவ்வரலாற்றிலே வளர்ந்து வந்துள்ளது. அந்த வாயில் யாருக்காகத் திறந்தது, யார் அதனூடே நுழைந்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, 1944 யூன் மாதத்தில், யுத்தத்திலிருந்து மீளும் வீரர்க்குக் கல்வியுதவி வழங்கும் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதன்கீழ்க் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களில் 22 இலட்சம் பேர் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் அடைந்தனர். பரம்பரையில் எவரும் கல்லூரி வாயிலை மிதித்தறியாத தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களுள் அநேகர். எனினும் இச்சட்டத்தின் நிழல் எல்லார்மீதும் ஒரே வகையில் விழவில்லை. நிறப்பிரிவினை நிலவிய தென்மாநிலங்களிலே கறுப்பின வீரர்க்கு வெள்ளையர் கல்லூரிகளின் கதவு அடைத்தே கிடந்தது. கறுப்பினத்தவர்க்கென இருந்த சில கல்லூரிகளோ இடமின்றித் தவித்தன.

இன்னொரு தீமையும் அப்பொழுதே தலைகாட்டியது. அரசாங்கப் பணம் மாணவனின் கையிலே வருகிறது என்று கண்டதும், இலாபம் ஒன்றையே நோக்காகக் கொண்ட தொழிற்பயிற்சிப் பாடசாலைகள் மழைக்காலக் காளான்கள் போல் முளைத்தன. பெயரளவிலே பாடம், உண்மையிலே வசூல் என்பதே அவற்றுட் பலவற்றின் முறை. ஆகவே கொரிய யுத்த வீரர்க்காக 1952இல் இயற்றிய சட்டம் ஒரு காப்பை வைத்தது: ஒரு பாடநெறியிலே நூற்றுக்கு 85 பேருக்கு மேல் அரசாங்கச் செலவிற் கற்கும் வீரராய் இருத்தலாகாது. தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஒருவரும் கற்க விரும்பாத பாடத்துக்கு அரசாங்கம் ஏன் பணங்கொடுத்தல் வேண்டும் என்பதே இதன் தத்துவம். இந்த எளிய எண்ணைச் சுற்றி நிகழ்ந்த போராட்டம் எழுபது ஆண்டுகட்கும் மேலாக நீடித்தது.

1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அதிர்ச்சியுற்ற வாஷிங்டன் அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, மாணவர்க்குக் குறைந்த வட்டியிற் கடன் வழங்க முன்வந்தது. பொதுப் பாடசாலைகளில் ஆசிரியராய்ப் பணியாற்றுவோர்க்கு அக்கடனிற் பாதிவரை தள்ளுபடி உண்டு என்ற ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஆனால் அதே சட்டம், அரசாங்கத்தைக் கவிழ்க்க முயலும் இயக்கங்களை ஆதரிக்கவில்லை என்று மாணவன் சத்தியக் கடதாசியிற் கையெழுத்திடல் வேண்டும் என்றும் விதித்தது. வங்கியிற் கடன் வாங்கும் முதலாளியிடம் எவரும் கேளாத சத்தியத்தை ஏழை மாணவனிடம் கேட்டனர். ஹார்வர்ட், யேல் முதலிய பல்கலைக்கழகங்கள் இதனை எதிர்த்து 1959இல் அக்கடன் திட்டத்திலிருந்து விலகின. கல்வியுலகின் இடைவிடா எதிர்ப்பினால் 1962இல் அந்நிபந்தனை நீங்கியது.

இன்றுள்ள உதவி முறைமைக்கு அடித்தளமிட்டது 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள், தாம் வறுமையிற் கற்ற ரெக்சாஸ் மாநிலக் கல்லூரிக்கே சென்று அதிற் கையெழுத்திட்டார். இளமையில் அவர் கொற்றுல்லா என்னும் சிற்றூரிலே மெக்சிக்கக் குழந்தைகளுக்கு ஆசிரியராய் இருந்தவர். அக்குழந்தைகளுக்குக் கல்லூரிக் கதவு வறுமையினாலே அடைபட்டிருந்ததை அன்றைய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். வியட்நாமிற் குண்டு பொழிந்த அதே அரசாங்கத்தின் தலைவர் அவர் என்பதை வரலாறு மறவாது. ஆயினும் இச்சட்டத்தின் பயனையும் மறுத்தல் இயலாது. 1972இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, வறிய மாணவர்க்குத் திருப்பித்தர வேண்டாத கொடை ஒன்று தோன்றியது. அதனை முன்னின்று கொணர்ந்த செனற்றர் கிளேபோர்ண் பெல் அவர்களின் பெயரே 1980 முதல் அதற்கு வழங்குகின்றது.

இக்கொடையின் பின்னைய வரலாறு மனங்கொள்ளத்தக்கது. எழுபதுகளின் நடுப்பகுதியில் உச்சக் கொடையானது அரசாங்கப் பல்கலைக்கழகமொன்றிற் கற்கும் செலவில் முக்காற் பங்கை ஈடுசெய்தது. 2025ஆம் ஆண்டளவில் கொடை 7,395 டொலராய் உயர்ந்திருந்தும் அச்செலவின் மூன்றிலொரு பங்கையும் அது எட்டவில்லை. இடைவெளியை நிரப்பியது கடன். வழங்கியவை தனியார் வங்கிகள், பொறுப்பேற்றது அரசாங்கம். இலாபம் தனியாருக்கு, நட்டம் பொதுமக்களுக்கு என்னும் இந்த ஏற்பாடு 2010 வரை நிலவியது. கடனாளிக்கோ வழிகள் ஒவ்வொன்றாய் அடைபட்டன. வங்குரோத்தினால் மாணவர் கடன் நீங்குவதை 1976ஆம் ஆண்டுச் சட்டம் முதல் ஐந்தாண்டுகளுக்குத் தடுத்தது. 1990இல் அது ஏழாண்டாயிற்று. 1998இல் கால எல்லையே ஒழிந்தது. தாங்கொணா இடர்ப்பாட்டை நீதிமன்றத்தில் நிரூபித்தாலன்றி மீட்சியில்லை. சூதாட்டத்திற் பட்ட கடனுக்கு உள்ள வழிகூடக் கல்விக்காகப் பட்ட கடனுக்கு இல்லாதுபோயிற்று. இன்று நான்கு கோடிக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 1.6 இலட்சம் கோடி டொலர் சமஷ்டி மாணவர் கடனைச் சுமக்கின்றனர்.

கடன் பெருகியபோது பழைய காளான்களும் மீண்டும் முளைத்தன. எண்பதுகளிலே தொழிற்பயிற்சி நிறுவனங்களின் முகவர்கள் வேலையற்றோர் கூடுமிடங்களுக்கே சென்று ஆட்சேர்த்தனர். 1990இல் செனற்றர் சாம் நன் தலைமையிலான உபகுழு இவ்வூழல்களை விசாரித்தது. கடனைத் திருப்பிச் செலுத்தும் காலத்தை அவ்வாண்டில் அடைந்தோருள் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் ஈராண்டுக்குள் தவணை தவறினர். இந்நிலையில் 1992ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. இலாப நிறுவனமொன்றின் வருமானத்தில் நூற்றுக்கு 85க்கு மேல் இம்மாணவர் உதவிப் பணமாய் இருத்தலாகாது என்றது. சேர்க்கும் தலைக்கு இவ்வளவு என்று முகவர்க்குத் தரகு கொடுப்பதைத் தடை செய்தது. மூன்றாவதே நமக்கு முக்கியமானது: மாணவர் உதவி விதிகளை வகுக்குமுன் சம்பந்தப்பட்டோருடன் அமர்ந்து பேசல் வேண்டும் என்று கல்வித் திணைக்களத்தைக் கட்டாயப்படுத்தியது.

விதியொன்றை வெளியிடுமுன் அதன் வரைவைப் பிரசுரித்து எவரும் கருத்துக் கூற இடமளித்தல் வேண்டும் என்பது 1946ஆம் ஆண்டின் நிருவாக நடைமுறைச் சட்டத்திலேயே உள்ளது. 1992இன் ஏற்பாடு அதற்கு முன்னரே ஒரு படியை அமைத்தது. முதலிற் பொதுக் கூட்டங்களில் எவரும் வந்து பேசலாம். பின்னர் மாணவர், கடனாளிகள், இலவசச் சட்ட உதவியாளர், கல்லூரிகள், கடன் நிறுவனங்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் ஒரு குழுவாய் அமர்வர். ஒருவரேனும் மறுக்காத உடன்பாடு ஏற்பட்டால் அதனையே திணைக்களம் வரைவாய் வெளியிடும். ஏற்படாவிடில் தான் எண்ணியவாறு எழுதலாம். அதன் பின் பொதுமக்களின் எழுத்துமூலக் கருத்து. முக்கியமான கருத்துகளுக்குத் திணைக்களம் விடையிறுத்தல் வேண்டும். காரணங்காட்டாத விதியை நீதிமன்றம் தள்ளிவிடலாம். இக்கருத்துக் கேட்டல் வாக்கெடுப்பன்று. கடிதங்களின் தொகையைவிட அவற்றிலுள்ள சான்றுக்கே மதிப்பு என்பது கோட்பாடு.

கோட்பாடு இவ்வாறிருக்க நடைமுறை எவ்வாறிருந்தது? 1998இல் 85 என்ற எண் 90 ஆயிற்று. வீரர்களின் கல்வியுதவிப் பணம் அக்கணக்கிற் சேராமையால், அவர்கள் நிறுவனங்களின் விருப்பமான இரையாயினர். வீரர்க்காகப் பிறந்த விதி வீரரை வேட்டையாடும் கருவியாய் மாறியது. 2021இன் சட்டமே இவ்வோட்டையை அடைத்தது. முகவர் தரகைச் சட்டம் தடுத்திருந்ததல்லவா? 2002இல் திணைக்களம் ஒழுங்குவிதியினாலே பன்னிரண்டு விலக்குகளை வழங்கியது. சட்டத்தின் ஒரு சொல்லும் மாறாமல் அதன் உயிர் போயிற்று. 2010இன் விதியே அவ்விலக்குகளை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றைச் செனற்றர் ரொம் ஹார்கின் தலைமையிலான குழு 2012இல் வெளியிட்டது. ஆராயப்பட்ட நிறுவனங்கள் 2009ஆம் நிதியாண்டிலே விளம்பரத்துக்கும் ஆட்சேர்ப்புக்கும் 420 கோடி டொலரும், கற்பித்தலுக்கு 320 கோடி டொலருமே செலவிட்டிருந்தன.

பயிற்சி முடித்தோரின் வருமானம் அவர்தம் கடனைத் தாங்கவல்லதா என்று பார்த்து, தாங்காத பாடநெறிக்கு உதவியை நிறுத்தும் விதியொன்றைத் திணைக்களம் 2010இல் முன்வைத்தது. ஏறத்தாழ 90,000 கருத்துகள் குவிந்தன. நிறுவனங்கள் தம் ஊழியரையும் மாணவரையும் கடிதம் எழுதத் தூண்டின. கூலி பெற்ற செல்வாக்காளர் தலைநகரின் தாழ்வாரங்களில் நடமாடினர். வேலையின்றிக் கடன் தவணைக்கு அஞ்சி வீட்டிலிருந்த முன்னாள் மாணவனுக்கோ வர்த்தமானி என ஒன்று இருப்பதே தெரியாது. 2011இல் வெளிவந்த விதி முன்னைய வரைவைவிட மென்மையாய் இருந்தது. அதனையும் 2012இல் நீதிமன்றம் பெரும்பாலும் தள்ளியது. 2014இல் மீண்டும் எழுதப்பட்டு, 2019இல் நீக்கப்பட்டு, 2023இல் மறுபடியும் பிறந்தது. ஆட்சி மாறுந்தோறும் விதி மாறுகின்றது. விதி மாறுந்தோறும் ஒரு தலைமுறை மாணவர் அதன் விலையைக் கொடுக்கின்றனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. கொரிந்தியன் கல்லூரிகள் என்னும் பெருநிறுவனம் வேலைவாய்ப்புப் பற்றிப் பொய்க்கணக்குக் காட்டி ஆட்சேர்த்து, 2015 ஏப்பிரலில் எஞ்சிய கிளைகளையும் மூடியது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே அதன் முன்னாள் மாணவர் பதினைவர், இக்கடனைச் செலுத்தோம் என்று பகிரங்கமாய் அறிவித்தனர். விரைவிலே நூற்றுவராய்ப் பெருகி வாஷிங்டன் சென்று அதிகாரிகளைச் சந்தித்தனர். கல்லூரி வஞ்சித்திருந்தால் கடனை மறுக்கலாம் என்னும் விதியொன்று தொண்ணூறுகளிலேயே எழுதப்பட்டு, இருபதாண்டுக் காலம் ஏறக்குறைய எவரும் தொடாமற் கிடந்தது. அந்த உறங்கிய விதியை அவர்கள் எழுப்பினர். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவிய, 2016இல் திணைக்களம் விரிவான புதுவிதியை வகுத்தது.

அவ்விதி 2017 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. யூனிலே திணைக்களம் இரு காரியங்களைச் செய்தது. சுமையாய் உள்ள ஒழுங்குவிதிகளை மீளாய்வு செய்யும்படி ஜனாதிபதி ட்ரம்ப் பெப்ரவரியிற் பிறப்பித்த கட்டளைக்கிணங்க, எந்த விதிகளை நீக்கலாம், மாற்றலாம், திருத்தலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அதே மாதத்திலே, எவரிடமும் கருத்துக் கேளாமல் மேற்படி விதியை ஒத்திவைத்தது! ‘சுமை’ என்பது யாருடைய சுமை என்று நாம் கேட்டல் வேண்டும். படிவம் நிரப்பும் கல்லூரி முதலாளியின் சுமை அக்கேள்வியினுள் அடங்குகிறது; விதியில்லாமையால் வஞ்சிக்கப்பட்டவனின் சுமை அதனுள் எளிதில் அடங்குவதில்லை. கேள்வியை வடிப்பவனே விடையிற் பாதியை எழுதிவிடுகின்றான். எனினும் கடன்பட்ட மாணவர் இருவரும் பல மாநிலச் சட்டமா அதிபர்களும் வழக்குத் தொடுத்தனர். பேச்சுவார்த்தைக் கடமையை முறையின்றித் தவிர்த்தமையும் குற்றங்களுள் ஒன்று எனக் கண்டு, 2018 செப்டம்பரில் நீதிமன்றம் அவ்வொத்திவைப்பைச் செல்லாதாக்கியது. 2022 யூனில் கொரிந்தியன் மாணவர் 560,000 பேரின் 580 கோடி டொலர் கடன் தள்ளுபடியாயிற்று. பதினைவர் தொடங்கியது இவ்வாறு முடிந்தது.

போராட்டம் இன்னும் ஓயவில்லை. 2025 யூலை 4இல் கைச்சாத்தான சட்டம் பட்டமேற்படிப்புக் கடனுக்கு உச்ச வரம்புகளை விதித்தது: ஏனைய பட்டமேற்படிப்பு மாணவர்க்கு மொத்தம் 100,000 டொலர், ‘தொழிற்றகைமைப் பட்டம்’ பயில்வோர்க்கு 200,000 டொலர். அத்தொடரின் பொருளை வரையறுக்கும் வேலை ஒழுங்குவிதியிடம் வந்தது. 2025 நவம்பரிற் பேச்சுவார்த்தைக் குழு உடன்பட்ட வரைவிலே மருத்துவமும் சட்டமும் சமயவியலும் இடம்பெற்றன; தாதியியலும் ஆசிரியக் கல்வியும் சமூகப் பணியும் இடம்பெறவில்லை. தாதியர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. பெண்கள் பெருந்தொகையாய் உழைக்கும் தொழில்கள் அந்த ஒரு சொல்லின் புறத்தே நின்றன என்பதை நோக்கின், ஒழுங்குவிதியின் வர்க்கப் பண்பை விளக்க வேறு சான்று தேவையில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது என்ன? கருத்துக் கேட்டல் வெறும் நாடகம் என்று புறக்கணிப்போர் உளர். அதுவே பூரண ஜனநாயகம் என்று மகிழ்வோரும் உளர். இருசாராரும் பாதி உண்மையையே காண்கின்றனர். அவ்வாயிலை முதலாளிகள் மனமுவந்து திறக்கவில்லை. ஊழல் அம்பலமானபோது, பொதுமக்களின் சீற்றத்தினாலே அது அகன்றது. திறந்த வாயிலினூடே பணமும் ஓய்வும் சட்ட அறிவும் உடையோர் நாள்தோறும் செல்கின்றனர். உழைப்போரின் பிள்ளைகள் தனித்தனியே வரும்போது அங்கே அவர்கள் மனுதாரர். சங்கமாய்ச் சேர்ந்து, சான்றுகளைத் திரட்டி வரும்போது அவர்களே விதியை எழுதுவோராகின்றனர். ஆகவே சட்டத்தின் தலைப்பைப் படித்து மகிழ்வதோடு நின்றுவிடாது, வர்த்தமானியின் சிற்றெழுத்தையும் படிக்கப் பழகுதலும், படித்ததை எளிய மொழியிலே மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தலும் கற்றோர் கடமையாகும். அக்கடமையை ஆசிரியர் கைவிட்டால், அதனை வேறு நோக்கத்தோடு செய்து முடிக்கக் கூலி பெற்ற எழுத்தாளர் எப்பொழுதும் ஆயத்தமாய் இருக்கின்றனர்.