இண்டியானா ஜோன்ஸைக் காப்பாத்தின பையன் எங்கே போனான்?

2023 மார்ச், ஆஸ்கர் மேடை. சிறந்த படத்தை அறிவிக்க ஹாரிசன் ஃபோர்டு வர்றார். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்'னு பேர் சொன்னதும், அந்தப் படத்தில் நடிச்ச கீ ஹுய் குவான் மேடைக்கு வந்து அவரை அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிறார். அன்னைக்கு ராத்திரிதான் சிறந்த துணை நடிகர் விருதும் அவருக்குக் கிடைச்சிருந்தது. இந்த ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்ச படம் வெளிவந்தது 1984-இல். நடுவுல 39 வருஷம். அந்த 39 வருஷத்தின் கதைதான் இன்னைக்கு.

குவான் பிறந்தது 1971-இல், வியட்நாமின் சைகோன் நகரத்தில். 1978-இல் குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பி ஓடியது. ஹாங்காங்கில் அகதி முகாம், அப்புறம் அமெரிக்கா. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ஆடிஷனுக்குத் தம்பி போனப்போ இவரும் கூடப் போனார். ஓரமா நின்னு தம்பிக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவரைத் தேர்வு செய்ய வந்தவங்க கவனிச்சாங்க. அப்படித்தான் ஸ்பீல்பெர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' கிடைச்சது. வேடம், ஷார்ட் ரவுண்ட்ங்கிற ஷாங்காய் தெருச் சிறுவன்.

உடைஞ்ச ஆங்கிலம் பேசுற அந்தப் பையனை வெறும் காமெடிப் பாத்திரம்னு ஒதுக்கிட முடியாது. கால் எட்டாம ஷூவில் கட்டையைக் கட்டிக்கிட்டுக் கார் ஓட்டுவான். வில்லன்கள் ஹீரோவை மயக்கி வச்சிருக்கும்போது, தீப்பந்தத்தால் சுட்டு அவரைத் தெளிய வைக்கிறவனும் அவன்தான். அமெரிக்காவில் வளர்ந்த எத்தனையோ ஆசியப் பிள்ளைகள் தங்களை மாதிரி ஒரு முகத்தைச் சாகசப் படத்தில் பார்த்தது அதில்தான்.

ஆனா அதே படம் இந்தியாவை எப்படிக் காட்டுச்சு? அரண்மனை விருந்தில் குரங்கு மூளையும் கண் மிதக்குற சூப்பும். காளி கோயிலில் நரபலி. ஸ்கிரிப்டைப் படிச்ச இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது. படக்குழு ஒத்துக்கலை, இலங்கையில் கண்டிக்குப் போயிட்டாங்க. அதனால படத்தில் வர்ற 'இந்திய' கிராமத்து மக்கள் சிங்களம் பேசுறாங்க! அம்ரிஷ் புரி மாதிரி பெரிய நடிகர் இருந்தார்தான், ஆனா அவருக்குக் கிடைச்சது இதயத்தைக் கையால் பிடுங்குற பூசாரி வேடம்.

சரி, குவானுக்கு என்ன ஆச்சு? 1985-இல் 'தி கூனிஸ்'. நண்பர்கள் புதையல் தேடிப் போற அந்தப் படத்தில் விதவிதமான கருவிகள் செய்ற டேட்டா இவர்தான். அதுவும் ஹிட். ஆனா பையன் வளர்ந்து ஆளானதும் வேடங்கள் குறைஞ்சு, ஒரு கட்டத்தில் ஃபோன் வர்றதே நின்னுபோச்சு. ஆசிய முகம் உள்ள ஒரு இளைஞனுக்கு யாரும் கதை எழுதலை. அவர் சினிமா படிச்சிட்டு கேமராவுக்குப் பின்னாடி போயிட்டார். 'எக்ஸ்-மென்' படத்தில் சண்டைக் காட்சிகளுக்கு உதவினார், வோங் கார்-வையின் '2046'-இல் உதவி இயக்குநர்.

2018-இல் 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' வந்தது. திரை முழுக்க ஆசிய நடிகர்கள். அதைப் பார்த்ததும் திரும்ப நடிக்கணும்னு தோணிச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். ஆஸ்கர் வாங்கித் தந்த படத்துக்கு அவருக்காக ஒப்பந்தம் பேசின வக்கீல் யார் தெரியுமா? ஜெஃப் கோஹன். 'கூனிஸ்'ல சங்க் வேடத்தில் நடிச்ச அதே பையன்!

ஒரு படத்தில் நம்ம முகம் வந்துட்டாலே பிரதிநிதித்துவம் கிடைச்சிட்டதா நினைக்கிறோம். குவானுக்கு 13 வயசுக்குள்ள அது கிடைச்சிடுச்சு. கிடைக்காம போனது, வளர்ந்த பிறகு நடிக்க ஒரு வேடம். அதுக்கு சுமார் 35 வருஷம் ஆச்சு. அடுத்த தடவை ஒரு சாகசப் படத்தில் புதுசா ஒரு குட்டி முகம் வந்தா கைதட்டுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, அந்தப் பிள்ளை இப்போ என்ன படம் பண்ணுதுன்னும் தேடிப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.