எலும்பு எழுதிய ஏடு

"புலால் உண்பீரா?" — திருவண்ணாமலையில் வாடகைக்கு வீடு தேடிச் செல்வோர் சில தெருக்களில் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. "ஆம்" என்றால் கதவு மூடிக்கொள்ளும். காரணம் கேட்டால், "முன்னோர் வழி ஐயா, முன்னோர் வழி!" என்று விடை வரும்.

முன்னோர் வழியா? நன்று! முன்னோரையே கேட்போம், வாரீர் தோழர்களே! அவர்தம் நா மண்ணாயிற்று. பல்லும் எலும்பும் எஞ்சியுள்ளன. ஏட்டில் எழுதுவோர் கூட்டலாம், குறைக்கலாம். எலும்பில் எழுதுவதோ உண்ட உணவே!

எப்படி? கரியணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 1 எடை மிகுந்தது. நெல், கோதுமை, பருப்பு ஆகியவற்றில் அதன் அளவு சற்றே குறைவு; கம்பு, கேழ்வரகு, சோளம், தினை ஆகியவற்றில் சற்றே மிகுதி. அந்த வேறுபாடு உண்டவன் எலும்பிலும் பதிந்துவிடுகிறது. நைட்ரஜன் மற்றொரு சாட்சி. செடியைத் தின்ற ஆடு, ஆட்டைத் தின்ற மனிதன் என்று படிக்குப் படி, எடை மிகுந்த நைட்ரஜன் ஆயிரத்துக்கு 3 முதல் 5 பங்கு வரை உயர்கிறது. 1977இல் வோகல், வான் டெர் மெர்வெ எனும் இரு அறிஞர்கள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பழைய எலும்புகளைச் சோதித்தே, அங்கு மக்காச்சோளம் உணவானதை மெய்ப்பித்தனர்.

ஆயினும், உண்டது பாலா, இறைச்சியா என்று நைட்ரஜன் பிரித்துக் காட்டாது. அதற்குச் சமைத்த சட்டியைக் கேட்க வேண்டும். கேட்டனர்! அரியானா, உத்தரப் பிரதேசப் பகுதிகளில் கிடைத்த சிந்துவெளிக் காலப் பானை ஓடுகள் 172இல் ஊறிய கொழுப்பை, அக்சயேதா சூரியநாராயணனும் உடன் ஆய்ந்தோரும் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். பன்றி, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சிக் கொழுப்பு அங்கே இருந்தது. பாற்பொருளின் தடயமும் இருந்தது.

தமிழகத்திலோ? கீழடியில் கிடைத்த மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுத் தழும்புகள் உள்ளன என்று 2019இல் தொல்லியல் துறை அறிவித்தது. அருகிலுள்ள கொந்தகையிலோ, மாந்தரின் எலும்புகளே தாழிகளில் கிடைத்துள்ளன. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் எலும்பின் புரதத்தை அரித்துவிடும். பல்லின் எனாமல் எளிதில் அழியாது. அது பிள்ளைப் பருவத்தில் உருவாவது. எந்தப் பிள்ளை நெற்சோறு உண்டது, எந்தப் பிள்ளை கேழ்வரகுக் கூழ் குடித்தது என்பதை அதன் கரியணு கூறவல்லது. கோயிற் கல்வெட்டு ஆண்டவனுக்குப் படைத்த அமுதைக் கூறும். உழுதவன் கலத்தில் என்ன இருந்தது என்று கூறுமா? பல் கூறும்!

ஓர் எச்சரிக்கை, இளைஞர்களே! நாளை ஏதோ ஓர் ஊரின் எலும்பு, "இங்குள்ளோர் புலால் உண்டிலர்" என்று சான்று பகர்ந்தால்? ஏற்போம்! சான்றுக்குத் தலைவணங்குவதே பகுத்தறிவு; நமக்குப் பிடித்த சான்றை மட்டும் ஏற்பது மற்றொரு மூடநம்பிக்கை. பாட்டன் உண்டான் என்பதற்காக நாம் உண்ண வேண்டியதில்லை. உண்டிலன் என்பதற்காக விடவும் வேண்டியதில்லை. உணவு உரிமை எலும்பிலிருந்து பிறப்பதன்று.

ஆகவே, கதவை மூடுவோரை ஒன்று கேட்போம்: "எனக்கு விருப்பமில்லை" என்று உம் பெயரால் கூறும். மறுத்துப் பேச இயலாத முன்னோரின் பெயரால் கூறாதீர்! அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.