2147483647

2147483647 என்பது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண் இது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர்; அவற்றில் இது எட்டாவது. இதன் அடுக்கான 31-ம் ஒரு மெர்சென் பகா எண். இப்படிப்பட்ட இரட்டை மெர்சென் பகா எண்கள் இதுவரை நான்குதான் தெரியும்.

இத்தாலியரான கட்டால்டி 1588இல் 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரிபார்த்துவிட்டு, 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண் தரும் என்றார். நான்கில் 31 மட்டுமே தேறியது. 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் தம் பட்டியலிலும் 31ஐச் சேர்த்தார், நிறுவாமலே.

நிறுவியவர் கணித மேதை ஆய்லர். 1772இல் வெளியான கடிதம் ஒன்றில் இதை அவர் அறிவித்தபோது ஏறக்குறைய முழுவதும் பார்வை இழந்திருந்தார். இந்த எண் பகா எண்தானா என்று அறிய, இதன் வர்க்கமூலமான சுமார் 46,341 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 4,700க்கும் மேல். ஆய்லர் கையாண்ட வழி வேறு. இதற்கு வகுத்தி ஏதேனும் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும். அந்தச் சல்லடையில் தங்கிய பகா எண்கள் வெறும் 84. அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை.

பகா எண் என்று உறுதியானதால் யூக்ளிடின் விதிப்படி ஒரு நிறைவு எண்ணும் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கைக்கு வந்தது: 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவு எண் இனிக் கண்டுபிடிக்கப்படாது, பயனற்ற விநோதத்துக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று 1811இல் ஆங்கிலேயரான பார்லோ எழுதினார். 1876இல் கணிதவியலாளர் லூக்கா 127ஆம் அடுக்கும் பகா எண் தரும் என்று நிறுவியதும் அந்த ஆரூடம் பொய்த்தது.

கணினி உலகில் இந்த எண் பெற்ற புகழுக்கும் அது பகா எண் என்பதற்கும் தொடர்பில்லை. 32 பிட்டில் ஒன்றைக் குறிக்கு (கூட்டல், கழித்தல்) ஒதுக்கினால் எஞ்சுவது 31. அதில் அடங்கும் உச்ச எண் இது, அவ்வளவே. 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைக் கணக்கு இந்த வரம்பைத் தாண்டியதையொட்டி, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் அறிவித்தது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய யூனிக்ஸ் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு இதே வரம்பை எட்டும். திருத்தப்படாத கணினிகளில் அடுத்த நொடி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

பகா எண் என்ற குணமே உதவும் இடமும் உண்டு. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி 2147483647ஆல் வகுத்து மீதியை எடுப்பது, தற்செயல் எண்களை உண்டாக்கக் கணினிகளில் நெடுநாள் வழங்கிய முறை. 1இல் தொடங்கினால் 2147483646 படிகளுக்குப் பிறகே மீண்டும் 1 வரும். இடையில் எந்த எண்ணும் இருமுறை தலைகாட்டாது.