‘விடுவித்தது’ என்றால் வழக்கு முடிந்ததா?

பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் யாரோ சொல்கிறார்: “அவர கேஸ்ல இருந்து விட்டுட்டாங்க.” உடனே ‘அப்போ பழி போயிடுச்சு’ என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

‘விடுவி’ என்றால் கட்டை அவிழ்ப்பது. ‘நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது’ என்று எழுதலாம். குற்றச்சாட்டே நீங்கினால், சட்டத் தமிழில் ‘விடுதலை செய்தது’. தண்டனை முடிந்து சிறையிலிருந்து வருபவருக்கும் இதே சொல்தான், அதுதான் தொல்லை. மலாய்ச் செய்திகள் இதில் கறார்: ‘டிலெபாஸ்கான்’ வேறு, ‘டிபெபாஸ்கான்’ வேறு.

அரசுத் தரப்பு வழக்கைப் பாதியில் கைவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-வது பிரிவுப்படி, எது என்று நீதிமன்றம் முடிவுசெய்யும். 2018 செப்டம்பரில் லிம் குவான் எங்கை பினாங்கு உயர் நீதிமன்றம் முழுமையாக விடுதலை செய்தது. 2023 செப்டம்பர் 4-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அஹ்மட் ஸாஹிட் ஹமிடியை 47 குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்க மட்டுமே செய்தது. ‘டிஎன்ஏஏ’ என்று நீங்கள் கேள்விப்பட்டது இதுதான்.

தமிழில் ‘விடுதலை ஆகாத விடுவிப்பு’ எனலாம்; கரடுமுரடுதான், ஆனால் அர்த்தம் சரி. அப்படி விடுவிக்கப்பட்டவர் மீது அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டுவர முடியும். தலைப்பில் வெறும் ‘விடுதலை’ என்று போட்டால் இது தெரியாமலே போய்விடும்.