பி-53: திருடன் என்று பெயர் வாங்கிய காவல்காரன்

புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றிலே எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஒரு புரதத்தைப் பற்றியது. பெயர் பி-53. 1979-ல் கண்டுபிடித்த நாள் முதல் சுமார் பத்து வருஷம், புற்றுநோயைத் தூண்டிவிடும் குற்றவாளி இதுதான் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். உண்மையில் அது காவல்காரன். அந்தத் தீர்ப்பு திருத்தி எழுதப்பட்டது பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளை வைத்துத்தான்.

லண்டனில் டேவிட் லேன், லயனல் கிராஃபோர்டு, அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஆர்னால்டு லெவின், இன்னும் சிலர். குரங்கிடமிருந்து வந்த எஸ்.வி.40 என்ற வைரஸை ஆராய்ந்தவர்கள் அந்த வைரஸின் புரதத்தைப் பிடித்து இழுத்தபோது, கூடவே செல்லின் சொந்தப் புரதம் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஜெல்லில் ஓடவிட்டால் 53 ஆயிரம் டால்டன் எடை காட்டியது. அதனால் அந்தப் பெயர். உண்மை எடை ஏறக்குறைய 44 ஆயிரம்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் நம்ம ஊரிலே சின்னசாமி என்று பெயர் வைத்த பிள்ளை ஆறடி வளர்ந்தாலும் சின்னசாமிதானே!

குற்றவாளி என்று ஏன் நினைத்தார்கள்? சாதாரண செல்லில் இந்தப் புரதம் கண்ணுக்கே படாது. புற்றுநோய்ச் செல்களில் ஏராளமாக இருக்கும். திருட்டு நடந்த வீட்டிலெல்லாம் ஒரே ஆள் நின்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்? அதன் மரபணுவை எலிச் செல்களில் செலுத்தினால் அவை கட்டுமீறி வளரவும் செய்தன. ஆனால் அந்தச் சோதனைகளில் பயன்பட்ட மரபணுவே பழுதுபட்ட பிரதி என்பது 1980-களின் கடைசியில்தான் தெரிய வந்தது.

1989-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டீன் குழுவினர், சூசன் பேக்கர் முதல் ஆசிரியராக, ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரம் அடிக்கடி தொலைந்துபோவதை அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். பி-53 மரபணு இருப்பதும் அங்கேதான். அப்படி ஒரு பிரதி தொலைந்த இரண்டு கட்டிகளை எடுத்து, மிச்சமிருந்த பிரதியைப் படித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் திடீர்மாற்றம்! ஒன்றில் 143-ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் அலனைன்; மற்றதில் 175-ல் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின். ஒரு பிரதி காணாமல் போயிற்று, மற்றது கெட்டுப்போயிற்று. மறுவருஷமே, நல்ல பி-53-ஐப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களுக்குக் கொடுத்தால் வளர்ச்சி அடங்குகிறது என்றும் காட்டினார்கள். 1993-ல் 'சயன்ஸ்' பத்திரிகை அதை அந்த ஆண்டின் மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்தது.

அப்படியானால் புற்றுநோயில் அது ஏன் குவிந்து கிடக்கிறது? நல்ல பி-53-க்கு ஆயுள் குறைவு. பாதி, அரைமணி நேரத்துக்குள் அழிந்துவிடும். அதை அழிக்கும் எம்.டி.எம்.2 என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டுவதும் பி-53-தான். பழுதானது அந்த வேலையைச் செய்யாது. ஆகவே சாகாமல் தேங்கிவிடுகிறது. மரபணு இன்னும் மோசமாக அறுந்திருந்தால் புரதமே உண்டாகாது; அப்போது ஆன்டிபாடி பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. 'பி-53 பாசிடிவ்' என்ற ரிப்போர்ட்டைக் காட்டி, "அடக்குற புரதம் நிறைய இருக்காமே, நல்லதுதானே?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி டி.என்.ஏ அளவு. வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைனில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் ஒரு மெட்டாஃபேஸ் தேடி அலைந்தது நம்மில் பலருக்கு மறந்திருக்காது. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ இரட்டிப்பாகிறது. அந்த அளவைச் சாயத்தால் காணும் வழியை 1924-லேயே ஃபாயில்ஜன் காட்டினார். ஆனால் ஒவ்வொரு செல்லாகப் பார்த்து எப்போது முடிப்பது? 1968-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் வுல்ஃப்காங் கோடே, ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை வரிசையாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரை உருவாக்கினார். 1975-ல் அவதார் கிருஷன், புரோப்பிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயத்தால் சில நிமிஷங்களில் சாயமேற்றும் எளிய முறையை வெளியிட்டார். இந்தச் சாயம் ஆர்.என்.ஏ-வையும் பிடித்துக்கொள்ளும்; அதனால் ஆர்.என்.ஏ-வை அழிக்கும் என்சைமையும் சேர்ப்பது வழக்கம்.

பி-53-க்குப் பச்சை ஒளிரும் ஆன்டிபாடி, டி.என்.ஏ-வுக்குச் சிவப்புச் சாயம் என்று சேர்த்தால், ஒரே செல்லில் இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்கலாம். எச்.டி-29 என்ற பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லில் 273-ஆம் இடம் பழுது. பச்சை எப்போதும் பளிச்சென்றிருக்கும், டி.என்.ஏ-வும் சராசரியைவிட மிக அதிகம். எச்.சி.டி-116-ல் பி-53 நல்லது, டி.என்.ஏ-வும் ஏறக்குறைய இயல்பு அளவே. கதிர்வீச்சு பட்டால்தான் அங்கே பச்சை ஏறும், செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். 1998-ல் வோகல்ஸ்டீன் குழுவினர் இந்தச் செல்லிலிருந்து பி-53 மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த நிறுத்தத்தில் நிலைத்திருக்க முடியவில்லை. பழுதோடேயே அடுத்த கட்டத்துக்குப் போயின.

ஆனால் நோயாளியின் படுக்கைக்கு அருகே இந்த அளவுகளுக்கு இடம் கிடைக்கவில்லை. 2006-ல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தீர்மானிக்க பி-53 அளவையோ டி.என்.ஏ அளவையோ பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறிவிட்டது. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களைத் தொட்டிருக்கிறது என்ற பழைய கேள்விகளைத்தான் டாக்டர்கள் இன்றும் முதலில் கேட்கிறார்கள்.