வேட்டை: வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகிறதா?

அமெரிக்காவில் இலையுதிர்காலம் வேட்டைக்குரிய பருவமாகும். மான், காட்டு வாத்து, வான்கோழி போன்றவற்றைச் சட்டப்படி வேட்டையாட இக்காலத்தில் இலட்சக்கணக்கானோர் காடுகளுக்குச் செல்கின்றனர். தொழிலாளர்களும் விவசாயிகளும் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டுவந்த இந்தப் பொழுதுபோக்கு, இன்று அவர்களது சக்திக்கு மீறியதாகிவிட்டதா என்ற கேள்வி அங்கு எழுப்பப்படுகிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்குக்காக வேட்டையாட இடமில்லை. அந்தப் பின்னணியில் பார்ப்பவர்களுக்கு இது ஒரு சிலரின் சொந்தச் செலவு தொடர்பான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள், வேட்டை மற்றும் மீன்பிடி உரிமக் கட்டணங்களையும் அவற்றோடு தொடர்புடைய வரிகளையும் பெருமளவில் நம்பி இயங்குகின்றன. எனவே யாரால் வேட்டையாட முடிகிறது என்பது, காடுகளையும் விலங்குகளையும் பாதுகாக்க யார் பணம் தருகிறார்கள் என்ற கேள்வியாகவும் அமைகிறது.

மன்னர்களின் உரிமையிலிருந்து மக்களின் உரிமைக்கு

ஐரோப்பாவில் வேட்டை நீண்டகாலம் மன்னர்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் உரிய சிறப்புரிமையாக இருந்தது. இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு சொத்து இருப்பவரே வேட்டையாடலாம் என்ற நிபந்தனை 1831ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அமெரிக்கா இதற்கு மாறான கொள்கையைப் பின்பற்றியது. காட்டு விலங்கு நில உரிமையாளரின் சொத்தல்ல, பொதுமக்களின் சார்பில் அரசு பராமரிக்கும் சொத்து என்பதே அந்தக் கொள்கை.

எனினும் 19ஆம் நூற்றாண்டில் சந்தையில் விற்பதற்காக நடந்த கட்டுப்பாடற்ற வேட்டை பெரும் அழிவை ஏற்படுத்தியது. கோடிக்கணக்கில் பறந்து திரிந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. இதையடுத்து வேட்டைக்குப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டன. காட்டு விலங்குகளின் இறைச்சியை விற்பதும் தடை செய்யப்பட்டது.

பாதுகாப்புக்கான நிதியும் வேட்டையாடுபவர்களிடமிருந்தே திரட்டப்பட்டது. நீர்ப்பறவைகளை வேட்டையாடுவோர் வாங்கவேண்டிய வாத்து முத்திரை 1934இல் 1 டாலருக்கு அறிமுகமானது. இன்று அதன் விலை 25 டாலர். 1937இல் நிறைவேற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, நீள் துப்பாக்கிகள் மற்றும் தோட்டாக்கள் மீதான 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மாநிலத்தின் பரப்பளவும், அங்கு உரிமம் பெற்ற வேட்டையாளர்களின் எண்ணிக்கையும் இந்தப் பங்கீட்டைத் தீர்மானிக்கின்றன.

எதற்குச் செலவாகிறது?

வேட்டைச் செலவு உயர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. மத்திய அரசின் ஆய்வின்படி 2016இல் 1 கோடியே 15 லட்சம் பேர் வேட்டைக்காக 2,620 கோடி டாலர் செலவிட்டனர். 2022ஆம் ஆண்டு ஆய்வில் இது 1 கோடியே 44 லட்சம் பேர், 4,520 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. ஆய்வு முறை மாற்றப்பட்டதால் இவ்விரு ஆண்டுகளின் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் சராசரியாக ஒருவருக்கு 3,000 டாலருக்கும் மேல் வருகிறது.

இந்தச் சராசரி ஓர் உண்மையை மறைக்கிறது. சாதாரண வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் சுமார் 500 டாலருக்கு வாங்கலாம். அது பல பத்தாண்டுகள் உழைக்கும். சொந்த மாநிலத்தில் மான் வேட்டைக்கான உரிமம் பெரும்பாலும் சில பத்து டாலர்களுக்குள் கிடைக்கிறது. வீட்டருகே நிலமும் தந்தையின் துப்பாக்கியும் உள்ள ஒருவருக்கு வேட்டை இன்றும் மலிவானதே. ஒரு மானிலிருந்து கிடைக்கும் இறைச்சி, அந்த உரிமத்தின் விலையைவிட அதிக மதிப்புடையது.

சொந்த மாநிலத்தை விட்டு வெளியேறுபவரின் நிலை வேறு. மொன்டானாவில் எல்க் எனப்படும் பெரிய மானை வேட்டையாடும் உரிமத்தை உள்ளூர்வாசி சில பத்து டாலர்களுக்குப் பெறுகிறார். வெளிமாநிலத்தவர் வாங்கவேண்டிய கூட்டு உரிமம் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. இவற்றுக்கும் அப்பால் ஏல உலகம் ஒன்று உள்ளது. 2013இல் அதே மாநிலத்தில் ஒரேயொரு பெருங்கொம்பு ஆட்டை வேட்டையாடும் உரிமம் 4 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் பாதுகாப்புப் பணிக்கே செல்கிறது என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர். பொதுச்சொத்தை அதிக விலை கேட்பவருக்குக் கொடுப்பதாகாதா என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

நிலமே தடை

உண்மையான விலையேற்றம் துப்பாக்கியைவிட நிலத்திலேயே தெரிகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 90 சதவீதத்துக்கும் அதிகமான நிலம் தனியாருக்குச் சொந்தமானது. விலங்கு மக்களுடையது என்றாலும், அது நிற்கும் நிலத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். முன்பு கதவைத் தட்டிக் கேட்டால் கிடைத்த அனுமதி, பல இடங்களில் இன்று வருடாந்தக் குத்தகையாக மாறிவிட்டது.

மேற்கு மாநிலங்களில் அரசு நிலம் ஏராளமாக உள்ளது. ஆனால் அதையும் எளிதில் அடைய முடிவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்களுக்கு நிலம் வழங்கப்பட்டபோது, சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்றாகக் கட்டங்கள் பிரிக்கப்பட்டன. இதன் விளைவாக, மூலையில் மட்டும் ஒன்றையொன்று தொடும் அரசு நிலத்தின் பரப்பு சுமார் 83 லட்சம் ஏக்கர் என மதிப்பிடப்படுகிறது.

2021இல் வயோமிங் மாநிலத்தில், மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டையாளர்கள் ஏணி ஒன்றை வைத்து அத்தகைய மூலையைக் கடந்தனர். தனியார் நிலத்தில் அவர்கள் காலே வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் மீது அத்துமீறல் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. நில உரிமையாளர் தனியாக உரிமையியல் வழக்கும் தொடுத்தார். 2022இல் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. அரசு நிலத்தை வேலியிட்டு மறிப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் உரிமையியல் வழக்கிலும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு அந்த நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குட்பட்ட ஆறு மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஜெர்மனியுடன் ஓர் ஒப்பீடு

செலவு அதிகரித்தால் ஆர்வம் குறையும் என்ற எளிய கணக்கு ஜெர்மனியில் பொருந்தவில்லை. அங்கு கடினமான தேர்வில் தேறினால்தான் உரிமம் கிடைக்கும். அதற்கான பயிற்சிக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் செலவாகும். காப்பீடு கட்டாயம். சொந்த வேட்டைப் பகுதி வைத்திருக்கப் பொதுவாகக் குறைந்தது 75 ஹெக்டேர் நிலம் வேண்டும். மற்றவர்கள் குத்தகை எடுக்கவேண்டும் அல்லது எடுத்தவரின் அழைப்புக்குக் காத்திருக்கவேண்டும். இருந்தும் அங்கு உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கை உயர்ந்து, 4 லட்சத்தைத் தாண்டியுள்ளது.

அமெரிக்காவிலோ, உரிமங்கள் மலிவாக இருந்தும் வேட்டையாளர்களின் எண்ணிக்கை 1980களின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிய பின் நீண்டகாலம் சரிந்தது. நகரமயமாதல், நேரமின்மை, வேட்டையாளர்களுக்கு வயதாகிவருவது ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. கொரோனா பெருந்தொற்று நிலவிய 2020இல் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை உயர்ந்தபோதும், உரிம விற்பனை அதிகரித்தது. ஓய்வு நேரம் கிடைத்தபோது மக்கள் செலவைப் பொருட்படுத்தவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

விளைவு என்ன?

ஆக, வேட்டை எல்லோருக்கும் ஒரே அளவில் விலை உயர்ந்துவிடவில்லை. நிலமோ, நிலம் உள்ள உறவினரோ இருப்பவருக்கு அது எட்டும் தூரத்திலேயே உள்ளது. நகரத்தில் வாழும், நிலமற்ற, புதிதாகக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்குத்தான் அது எட்டாததாகி வருகிறது. வேட்டையாளர்களின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் இவர்களிடமிருந்தே வரவேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல்.

துப்பாக்கி வரி வருவாய் இப்போதைக்கு நிதிக் குறைவை மறைக்கிறது. அந்த வரியில் கணிசமான பகுதியைச் செலுத்துவோர் தற்காப்புக்காகவோ, இலக்கு பார்த்துச் சுடும் பயிற்சிக்காகவோ துப்பாக்கி வாங்குபவர்கள். காட்டின் நலனில் அவர்களுக்கு நேரடி ஈடுபாடு இருக்கவேண்டிய அவசியமில்லை. பறவைகளைப் பார்க்கவும் மலையேறவும் காடுகளுக்குச் செல்பவர்கள் மீது இத்தகைய வரி எதுவும் இல்லை. அவர்களும் பங்களிக்கவேண்டுமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக முடிவின்றித் தொடர்கிறது.

உரிமக் கட்டணத்தைக் குறைப்பதால் மட்டும் நிலைமை மாறிவிடாது. அரசு நிலத்துக்குச் செல்லும் வழிகள் திறக்கப்படுவதும், தனியார் நில உரிமையாளர்களுக்கு ஈடு கொடுத்துப் பொதுமக்களை அனுமதிக்கும் மாநிலத் திட்டங்கள் விரிவடைவதுமே அதிகப் பலன் தரும். அவை நடக்காவிட்டால், மன்னர் காலத்து ஐரோப்பாவை நிராகரித்து உருவான ஒரு மரபு, சட்டம் எதுவும் மாறாமலேயே பழைய நிலைக்குத் திரும்பக்கூடும்.